ரீடேக் இல்லாத வேலை: ஆவணப்பட ஒளிப்பதிவு பற்றி வாசகர் கேள்வி பதில்

ஆவணப்பட இயக்கம், ஒளிப்பதிவு பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். 'எந்த கேமரா வாங்கலாம்?' என்ற கேள்விதான் அதிகம் வந்தது. அதற்கும் கீழே பதில் உண்டு. ஆனால் தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு கடிதம் இந்தத் தொழிலின் அடிவேரையே தொடுகிறது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 20 நிமிடப் படம் எடுக்கிறேன். மூன்று நாளில் ஆறு மணி நேர ஃபுட்டேஜ் சேர்ந்தது. பார்த்த எடிட்டர், 'இவ்வளவு இருக்கு, ஒரு சீன்கூட இல்லையே தம்பி' என்கிறார். எங்கே தப்பு?
– இளைஞர், தூத்துக்குடி

எடிட்டர் சொல்வது சரி. பாத்தி, மேகம், உப்புக் குவியல், நடந்து போகும் பெண்கள் என்று தனித்தனியாக நிறைய எடுத்திருப்பீர்கள். ஒருவர் ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பதை எடுத்திருக்க மாட்டீர்கள். முதல் படத்தில் பெரும்பாலோர் செய்வது இதுதான். கேமராவைப் பிடித்தபடி நடந்துகொண்டே இருப்பார்கள். நின்ற உயரத்திலேயே எல்லாவற்றையும் எடுப்பார்கள். மூன்று நொடியில் நிறுத்திவிட்டு அடுத்ததற்குத் தாவுவார்கள்.

அடுத்த முறை போகும்போது முதல் அரை மணி நேரம் கேமராவை ஆன் செய்யாதீர்கள். ஒரே ஒருவரைப் பாருங்கள். உப்பு வாருகிற அம்மா பலகையைப் பாத்திக்குள் நீட்டுகிறார், தன் பக்கமாக இழுக்கிறார், சேர்ந்த உப்பை அந்தத் தண்ணீரிலேயே அலசுகிறார், வரப்பில் ஏற்றுகிறார், ஓரடி நகர்கிறார், மறுபடி நீட்டுகிறார். இந்தச் சுற்றுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். அது பிடிபட்டுவிட்டால் அடுத்த அசைவு உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். கை வரப்போகும் இடத்தில் கேமரா காத்திருக்கும். கையைத் துரத்திக்கொண்டு ஓடாது.

பிறகு ஒவ்வொரு சுற்றையும் ஒவ்வோர் இடத்திலிருந்து எடுங்கள். முதலில் டிரைபாடில் வைத்து, முழு ஆளும் பாத்தியும் தெரிய, இரண்டு மூன்று சுற்று வெட்டாமல். அடுத்தது கைகள்: 35 அல்லது 50 எம்எம் லென்ஸில், ஒரு மீட்டர் தூரத்தில், முழங்கால் உயரத்துக்குக் குனிந்து. அடுத்தது முகம் மட்டும். அதற்கடுத்தது, அந்த முகம் எதைப் பார்க்கிறதோ அது. இந்தக் கடைசி ஷாட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முகமும் முகம் பார்ப்பதும் கையில் இருந்தால் எடிட்டர் பத்து நிமிட வேலையை இருபது நொடியில் சொல்லிவிடுவார். பாதம், முதுகு, தோளுக்குப் பின்னாலிருந்து ஒன்று. கடைசியாக, அவர் ஃபிரேமுக்குள் வருவதும் ஃபிரேமை விட்டுப் போவதும். ஆள் போன பிறகும் அந்த வெறும் ஃபிரேமில் ஐந்து நொடி நில்லுங்கள். அடுத்த சீனுக்குப் போக எடிட்டருக்கு அதுதான் வாசல். எந்த ஷாட்டும் அசையாமல் பத்து நொடிக்குக் குறையக் கூடாது. அவருக்கு ஒரு பக்கம் என்று தேர்ந்துகொண்டு அந்தப் பக்கத்திலேயே இருங்கள். நடுவில் எதிர்ப்பக்கம் போய்விட்டால், இதுவரை இடதுபுறம் இழுத்தவர் திடீரென்று வலதுபுறம் இழுப்பதுபோல் இருக்கும்.

'இன்னொரு தடவை செய்யுங்கம்மா' என்று கேட்காதீர்கள். கேட்ட நொடியிலிருந்து அவர் உங்களுக்காகச் செய்யத் தொடங்கிவிடுவார். உடம்பின் வேகமே மாறிப்போகும். உப்பளத்தில் அடுத்த சுற்று தானாக வரும். காத்திருங்கள்.

வெள்ளை உப்பைப் பார்த்ததும் ஆட்டோ எக்ஸ்போஷர் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகம் கரிந்துபோகும். மேனுவலில் முகத்துக்கு வையுங்கள். உப்பின் மினுக்கத்தில் ஸீப்ரா கோடு (வெளிச்சம் மிஞ்சிய இடத்தைத் திரையில் காட்டும் வரிகள்) கொஞ்சம் ஓடினால் ஓடட்டும். முகத்தின் வெளிச்ச அளவு 70 சதவீதத்தில் இருக்க வேண்டும் என்று பல பாடங்களில் சொல்வது வெள்ளைத் தோலுக்கு. நம் ஊர் வெயிலில் கருத்த முகம் 45 முதல் 55 வரை இருந்தால்தான் அந்த நிறம் அந்த நிறமாகவே தெரியும். முகங்களைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் தலைத்துண்டின் நிழல் கண்ணை மூடிவிடும். ஆனால் அவர் குவியலை நோக்கிக் குனியும்போது உப்பே ரிஃப்ளெக்டராகிக் கண்ணுக்குள் வெளிச்சத்தை ஏற்றும். அந்த நொடியை விடாதீர்கள்.

இன்னும் இரண்டு. எந்த வரப்பில் நடக்கலாம் என்று கேட்டுவிட்டு நடங்கள். செருப்புக் காலோடு பாத்தியில் இறங்கினால் அவர்கள் மிதித்துப் பக்குவப்படுத்திய தரை கெடும். அங்கே வைத்து லென்ஸ் மாற்றாதீர்கள். அன்றிரவே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடம்பைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டிவைத்துக் காயவிடுங்கள். விட்டால் ஒரு வாரத்தில் பூட்டு இறுகிக்கொள்ளும்.

கையில் 2 லட்சம் ரூபாய் இருக்கிறது. அதற்குள் நல்ல கேமராவாக ஒன்று சொல்லுங்கள்.
– கல்யாண வீடியோ எடுப்பவர், கும்பகோணம்

இரண்டு லட்சத்தையும் கேமராவில் போடாதீர்கள். கேமரா உடம்புக்கு 80 ஆயிரம், லென்ஸுக்கு 35, ஒலிக்கு 30, ஃப்ளூயிட் ஹெட் உள்ள டிரைபாடுக்கு 20, ஃபில்டர், பேட்டரி, கார்டுக்கு 20, ஹார்ட் டிஸ்குக்கு 15 என்று பிரித்துக்கொண்டு, அந்தந்தத் தொகைக்குள் கிடைப்பதைத் தேடுங்கள். 80 ஆயிரத்தில் செகண்ட் ஹேண்டில் நல்ல கேமரா கிடைக்கும்.

மாடலைவிட இவை முக்கியம்: 4கே 25 ஃபிரேம், நிறத்தை நுணுக்கமாகச் சேமிக்கும் 10 பிட் 4:2:2 பதிவு, இரண்டு கார்டு ஸ்லாட், மைக் துளையோடு ஹெட்போன் துளையும், 29 நிமிடத்தில் தானாக நின்றுவிடாத பதிவு. 8 பிட்டில் லாக் (பிறகு கலர் செய்வதற்காக வெளிறிய தோற்றத்தில் பதிவாகும் முறை) எடுத்தால் கலர் செய்யும்போது வானமும் சுண்ணாம்புச் சுவரும் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். பழைய கேமரா வாங்கும்போது கடையிலேயே ஒரு மணி நேரம் 4கேயில் விடாமல் ஓடவிட்டுப் பாருங்கள். சூடாகி அணைந்தால் பேட்டித் தொழிலுக்கு ஆகாது. எஃப்/16-ல் வெள்ளைச் சுவரை எடுத்து சென்சாரில் தூசி, கீறல் பாருங்கள். இரண்டு ஸ்லாட்டிலும் எழுதிப் பாருங்கள். ஹெட்போனைச் செருகி, பிளக்கை அசைத்துக் கேளுங்கள். பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் உடம்பில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

லென்ஸ் ஒன்றே போதும்: ஃபுல் ஃபிரேமுக்கு 24-105 எஃப்/4. ஆவணப்படத்தில் லென்ஸ் மாற்றும் அரை நிமிடத்தில்தான் நடக்க வேண்டியது நடந்துவிடும்.

வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரில் பலர் கணக்குத் தப்பிவிடுகிறார்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு 1/100, எஃப்/16 சரியாக வரும். நீங்கள் லாக்கில் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50, எஃப்/4 என்று வைத்தால் அதைவிட 8 ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கும்). கடையில் கிடைக்கும் 2 முதல் 5 ஸ்டாப் வேரியபிள் என்டி அதற்கு எட்டாது. கடைசி எல்லை வரை திருகினால் வானத்தில் கறுப்புப் பெருக்கல் குறி விழும். அதோடு 6 ஸ்டாப் என்டி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்; எஃப்/8-ல் நண்பகலைச் சமாளித்துவிடலாம். என்டி இல்லாமல் ஷட்டரை 1/1000-க்கு ஏற்றினால், உழுகிற மாடும் ஓடுகிற பிள்ளையும் வெட்டி வெட்டி நகரும்.

வீட்டுக்குள் எடுத்த பேட்டியில் டியூப்லைட் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடுகிறது. எடிட்டிங்கில் சரிசெய்ய முடியுமா?
– கல்லூரி ஆசிரியை, ஈரோடு

ஓரளவு மங்கவைக்கலாம், போக்க முடியாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் 1/50 என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு, 1/100 என்றால் ஒன்று. எல்லா ஃபிரேமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். உங்கள் கேமரா என்டிஎஸ்சி என்ற அமெரிக்க வீடியோ முறையில் 30 ஃபிரேம், 1/60 என்று இருந்திருக்கும். அப்போது துடிப்பு அரைகுறையாக மாட்டிப் பட்டை ஓடும். மெனுவில் நம் நாட்டு முறையான 'பால்' (PAL) என்பதற்கு மாற்றி 25 ஃபிரேம், 1/50 வையுங்கள். 24 ஃபிரேமில்தான் எடுக்க வேண்டுமென்றாலும் ஷட்டர் 1/50-தான்; கோணத்தில் சொன்னால் 172.8 டிகிரி. ஸ்லோமோஷனுக்கு 50 ஃபிரேம், 1/100. டியூப்லைட்டின் கீழ் 120 ஃபிரேம் வேண்டாம்.

மலிவான எல்இடி பல்பு, டிம்மர் போட்ட விளக்கு இரண்டும் தனி ரகம். அவற்றில் 1/50-லும் பட்டை வரலாம். உட்காரவைப்பதற்கு முன்பே வெறும் சுவரைப் பத்து நொடி எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். வந்தால் அந்த விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போங்கள். நடுவில் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் மறுபடி சுவரைப் பாருங்கள்.

புடவை கட்டிய பெண்களுக்கு காலர் மைக்கை எங்கே குத்துவது? எப்போதும் சரசரவென்று கேட்கிறது.
– ஒலிப்பதிவு உதவியாளர், சென்னை

முந்தானையில் குத்தாதீர்கள். பட்டும் சிந்தெடிக்கும் பேசப் பேச உரசும். புதுக் கஞ்சி போட்ட பருத்தி அதைவிட மோசம். ரவிக்கையின் கழுத்தோரம், தாடைக்கு ஒரு சாண் கீழே, நடுவில் குத்துங்கள். ஒயரை ஒரு சிறு வளையமாக மடித்து, கிளிப்புக்குள்ளேயே பிடிக்கவிட்டால் இழுப்பு மைக்குக்கு ஏறாது. தாலிச் சங்கிலியும் மணியும் மைக்கில் தட்டுகிறதா என்று அவரைத் தலையைத் திருப்பச் சொல்லி ஹெட்போனில் கேளுங்கள். தட்டினால் மைக்கை இரண்டு விரல் தள்ளிக் குத்துங்கள். தாலியை எடுக்கச் சொல்லாதீர்கள். குத்துகிற வேலையை அவரிடமோ வீட்டிலிருக்கும் இன்னொரு பெண்ணிடமோ கொடுங்கள். எப்படி என்று உங்கள் சட்டையில் குத்திக் காட்டினால் போதும்.

ஒலிப்பதிவு 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கட்டும். சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொடட்டும். இன்னொரு டிராக்கில் அதையே 10 டெசிபல் குறைத்துப் பதிவு செய்யுங்கள். அழும்போதும் கோபத்தில் குரல் உயரும்போதும் முதல் டிராக் உடைந்துவிடும். படத்துக்கு வேண்டிய வாக்கியம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வரும். அதை மறுபடி சொல்லச் சொல்ல முடியாது.

ஃபேனை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள், நிறுத்தியதும் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது, எனவே ஃப்ரிட்ஜை மறுபடி போடாமல் போகவும் முடியாது. அந்த வீட்டுப் பால் கெட்டால் அடுத்த நாள் உங்களை உள்ளே விட மாட்டார்கள். பேட்டி முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அறையின் மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். வெட்டு விழுந்த இடங்களை ஒட்டுவதற்கு எடிட்டருக்கு அதுதான் பசை. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் பக்கம் மாலைப் பேட்டி வைக்காதீர்கள். குழாய் ஸ்பீக்கருக்கு எந்த மைக்கும் தீர்வில்லை.

ஒரு ஆவணப்படத்துக்கு எத்தனை ஹார்ட் டிஸ்க் வேண்டும்? எப்படிப் பாதுகாப்பது?
– உதவி இயக்குநர், மதுரை

100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) எடுத்தால் மணிக்கு 45 ஜிபி, 200-ல் 90 ஜிபி. நாளுக்கு மூன்று மணி நேரம் வீதம் 40 நாள் என்றால், 100 எம்பிபிஎஸ்ஸிலேயே 5.4 டிபி. இரண்டு பிரதி வேண்டும், அதனால் 11 டிபி. நீளமான படங்களின் அளவு தெரிய ஓர் உதாரணம்: மாசிடோனியாவில் மின்சாரமில்லாத கிராமத்தில் தேனெடுக்கும் ஒரு பெண்ணை மூன்று ஆண்டு பின்தொடர்ந்து எடுத்த 'ஹனிலேண்ட்' படத்துக்கு 400 மணி நேரத்துக்கும் மேல் ஃபுட்டேஜ் இருந்தது. 2020 ஆஸ்கரில் ஆவணப்படம், சர்வதேசப் படம் என்று இரண்டு பிரிவிலும் போட்டியிட்ட அந்தப் படம் முடிவில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

கார்டு விஷயத்தில் வீணாகச் செலவழிக்க வேண்டாம். கார்டில் வி30 என்று இருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி (மெகாபைட்; எட்டு பிட் ஒரு பைட்) எழுதும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு வேண்டியது 12.5 எம்பிதான். ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாகச் சேமிக்கும் 400 எம்பிபிஎஸ் ஆல்-இன்ட்ராவுக்குப் போனால்தான் வி60 தேவை.

அன்றைய கார்டை அன்றிரவே டம்ப் செய்யுங்கள். இழுத்துப் போடும் சாதாரண காப்பி போதாது. செக்ஸம் (மூலமும் காப்பியும் ஒன்றுதானா என்று காட்டும் எண்) சரிபார்க்கும் மென்பொருளில் இரண்டு டிஸ்குக்கும் காப்பி செய்து, ஒவ்வொரு கிளிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் மறுநாள் காலை வரை ஃபார்மட் செய்யாதீர்கள். இரண்டு டிஸ்கும் ஒரே பையில் பயணம் செய்யக் கூடாது. எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் முழு டிஸ்கும் திறக்காமல் போகிற அபாயம் உண்டு. ஃபோல்டர் பெயர் தேதி, கேமரா, கார்டு எண் என்ற வரிசையில் இருக்கட்டும். 'புதுசு', 'ஃபைனல்' என்றெல்லாம் பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. அதே இரவு நோட்டில் லாக் எழுதுங்கள்: யார், எங்கே, என்ன சொன்னார், எந்த நிமிடத்தில்.

பிளஸ் டூ முடித்த என் மகள் ஆவணப்பட ஒளிப்பதிவாளராக விரும்புகிறாள். என்ன படிக்கவைக்கலாம்? பிழைக்க முடியுமா?
– ஒரு தாய், நாமக்கல்

சென்னை தரமணியில் உள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூவுக்குப் பிறகு நான்கு ஆண்டு ஒளிப்பதிவுப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஏதேனும் ஒரு பட்டம் முடித்தபின் என்றால் 1960-ல் தொடங்கிய புனே திரைப்பட நிறுவனம், 1995-ல் தொடங்கிய கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனம். இரண்டிலும் மூன்று ஆண்டு. மூன்றுக்கும் நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு, கட்டணம் தனியார் கல்லூரிகளைவிடக் குறைவு. படிக்காமலும் வரலாம். அப்படி வந்தவர்கள் இந்தத் துறையில் நிறைய. ஆனால் லட்சக்கணக்கில் வாங்கும் ஆறு மாத சான்றிதழ் வகுப்பைப் பற்றி எங்கள் கருத்து ஒன்றுதான்: அந்தப் பணத்தில் கேமராவும் மைக்கும் வாங்கி, உங்கள் தெருவிலேயே பத்து நிமிடப் படம் மூன்று எடுக்கட்டும். வேலை கேட்டுப் போகும் இடத்தில் அந்த மூன்று படத்தைத்தான் பார்ப்பார்கள்.

பிழைப்பு பற்றிக் கேட்டீர்கள். சொந்த ஆவணப்படம் மட்டும் சோறு போடாது. தொண்டு நிறுவனங்களுக்கும் கம்பெனிகளுக்குமான படம், வெளிநாட்டு சேனல்களுக்கு உள்ளூர் கேமரா, மருத்துவமனைப் பயிற்சி வீடியோ, பெரிய படங்களில் இரண்டாவது கேமரா என்று நாள் கூலியில் ஓடும். அந்த வருமானத்தில்தான் சொந்தப் படம் வளரும். முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் எடுக்கப்பட்டு 2023-ல் ஆஸ்கர் வாங்கிய, சுமார் 40 நிமிட 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்துக்கு ஐந்து ஆண்டு ஆனது. குடும்பம் அந்தப் பொறுமைக்குத் தயாராக வேண்டும். பெண் ஒளிப்பதிவாளருக்கு இந்தத் துறையில் உண்மையான தேவை இருக்கிறது. பிரசவ அறை, பெண்கள் விடுதி, சுய உதவிக் குழு, துக்க வீடு என்று ஆண் கேமராமேன் நுழைய முடியாத இடங்களில்தான் எத்தனையோ படங்கள் எடுக்கப்படாமல் கிடக்கின்றன.

நாள் சம்பளம் பேசும்போது என்னென்ன எழுதி வாங்க வேண்டும்? இரண்டு முறை ஏமாந்துவிட்டேன்.
– ஒளிப்பதிவாளர், கோயம்புத்தூர்

உங்கள் கூலி வேறு, கேமரா வாடகை வேறு. இரண்டையும் தனி வரியாக எழுதுங்கள். சேர்த்துப் பேசினால் அவர்கள் கேமராவைத் தரும் நாளில் உங்கள் கூலி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது. ஒரு நாள் என்பது எத்தனை மணி நேரம், அதற்கு மேல் என்ன கணக்கு, பயண நாளுக்குப் பாதிக் கூலி உண்டா, பேட்டா, சாப்பாடு, தங்குமிடம் யார் பொறுப்பு, முந்தின நாள் ரத்தானால் எத்தனை சதவீதம், கேமரா உடைந்தால் யார் கட்டுவது. இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். வாட்ஸ்அப்பில் 'சம்மதம்' என்று பதில் வாங்கினாலும் வாய்வார்த்தையைவிட மேல். பாதி அட்வான்ஸ் வராமல் வண்டி ஏறாதீர்கள். மீதி, ஃபுட்டேஜை ஒப்படைக்கும் நாளில்.

1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் என்று கருதப்படுபவர் தயாரிப்பாளர்தான். நீங்கள் எடுத்த ஷாட்டை உங்கள் ஷோரீலில் (வேலை மாதிரித் தொகுப்பில்) போடுவதற்குக்கூட அனுமதி எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஒளிப்பதிவு என்று டைட்டிலில் பெயர் வருவதையும் அதே தாளில் எழுதுங்கள். கம்பெனிகள் பில்லில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கொடுப்பார்கள். அது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

படத்தில் வருபவர்களிடம் கையெழுத்து வாங்குவது அவசியமா? குழந்தைகளை எடுக்கலாமா?
– சமூகப் பணியாளர், விழுப்புரம்

அவசியம். ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. தமிழில், அரைப் பக்கத்தில் எழுதுங்கள்: எதைப் பற்றிய படம், எங்கெல்லாம் காட்டப்படும், இணையத்தில் வருமா, பணம் உண்டா இல்லையா, எந்தக் கட்டம் வரை வேண்டாம் என்று சொல்லலாம். அதை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சரி என்று சொல்வதை கேமராவிலும் பதிவு செய்யுங்கள். எடுத்த அன்றே வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடிப் போனால் ஊர் மாறியிருப்பார்கள். எடிட் முடியும் தறுவாயில் அவர் வரும் பகுதியை அவருக்குப் போட்டுக் காட்டுவது சட்டம் கேட்பதல்ல, ஆனால் செய்ய வேண்டியது. முதலாளியைப் பற்றி உணர்ச்சிவேகத்தில் சொன்ன ஒரு வார்த்தையால் அவருக்கு வேலை போகலாம். உங்கள் விருதைவிட அந்த வேலை பெரிது.

குழந்தைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். குழந்தையும் விரும்ப வேண்டும். போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் பாதிக்கப்பட்ட, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும், வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கின்றன. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, பள்ளிச் சீருடையையும் வீட்டு வாசலையும் தெருப் பெயர்ப் பலகையையும் விட்டுவைப்பார்கள். அந்த ஊர்க்காரருக்கு அது போதும், யார் என்று தெரிந்துவிடும். அடையாளம் மறைக்க வேண்டிய பேட்டியைத் தொடக்கத்திலேயே கை, நிழல், பின்புறம் என்று எடுங்கள். முகமே பதிவாகாவிட்டால் கசிவதற்கும் ஒன்றும் இல்லை.

டீக்கடையில் எடுத்த அருமையான உரையாடலின் பின்னணியில் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. பயன்படுத்தலாமா? பழைய படச்சுருள்களைச் சேர்ப்பது எப்படி?
– வாசகர், காரைக்குடி

பின்னணியில் தற்செயலாகத் தெரியும் ஓவியம், சிலை, சுவரொட்டி போன்றவற்றுக்குக் காப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. பாட்டுக்கு அந்த விலக்கு இல்லை. இணையத்தில் ஏற்றினால் தானியங்கி முறையே பாட்டைக் கண்டுபிடித்துவிடும். பேச்சுக்கு அடியில் ஓடும் பாட்டைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன, ஆனால் குரல் தகரம்போல் ஆகிவிடும். அடுத்த முறை கடைக்காரரிடம், 'அண்ணே, ஒரு கால் மணி நேரம் ரேடியோவை நிறுத்திக்கலாமா?' என்று கேளுங்கள். இரண்டு டீ கூடுதலாகச் சொன்னால் மறுக்க மாட்டார். வேறொரு நேரத்தில் கடையின் சத்தத்தைத் தனியாக ஐந்து நிமிடம் பதிவு செய்து வையுங்கள்.

பழைய படச்சுருள் விஷயத்தில் உங்கள் ஊர்ப் பக்கத்துக்காரரே வழிகாட்டி. கோட்டையூர் ஏ.கே. செட்டியார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937-ல் கப்பல் பயணத்தில் தோன்றிய யோசனையைப் பிடித்துக்கொண்டு, காந்தியைப் பற்றி உலகெங்கும் பலர் எடுத்த படச்சுருள்களைச் சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்து திரட்டினார். 1940-ல் படத்தை வெளியிட்டார். 50 ஆயிரம் அடி சேகரித்துத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் முறை அதுதான்: யாரிடம் இருக்கிறது, உரிமை யாருடையது, எத்தனை நொடி, எந்தெந்த நாட்டில், எத்தனை ஆண்டுக்கு என்று எழுதிப் பேச வேண்டும். மத்திய அரசின் ஆவணப்பட அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022-ல் என்எஃப்டிசியோடு (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) இணைந்துவிட்டது. அதன் பழைய படங்களுக்கு அங்கே விண்ணப்பிக்க வேண்டும். எடிட் முடிந்தபின் விலை கேட்காதீர்கள். அந்தக் காட்சி இல்லாமல் படம் நிற்காது என்ற நிலையில் பேரம் பேச முடியாது.

படம் முடிந்ததும் எங்கே அனுப்புவது?
– வாசகி, புதுச்சேரி

முதலில், யூடியூபில் ஏற்றாதீர்கள். பல விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தை எடுப்பதில்லை. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்திர அகாடமி நடத்தும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா. மும்பையில் 1990-லிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேச விழா. படம் பாதியில் இருக்கும்போதே பணம் தேட கொல்கத்தா டாக்எட்ஜ், பெங்களூரு இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா ஆவணப்பட விழாவின் பெர்தா நிதி ஆகியவற்றின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். இவர்கள் பெரும்பாலும் கேட்பது சில நிமிட ட்ரெய்லரும், படத்தில் யார் என்ன செய்கிறார் என்று சொல்லும் சில பக்கமும், பட்ஜெட்டும். பிரச்சினையின் புள்ளிவிவரத்தை ஐந்து பக்கம் எழுதி அனுப்பினால் முதல் சுற்றிலேயே விழுந்துவிடும்.

திரையரங்கில் பொதுமக்களுக்குக் காட்ட தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விழாத் திரையிடலுக்கு விலக்கு வாங்கும் வேலையை விழாக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆங்கில சப்டைட்டில் ஒரு வரிக்கு 42 எழுத்துக்குள், இரண்டு வரிக்கு மேல் போகாமல் இருக்கட்டும். வட்டாரப் பேச்சை மொழிபெயர்க்க அந்த வட்டாரத்துக்காரரையே பக்கத்தில் உட்காரவையுங்கள்.

லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது. அரிசிக்குள் வைக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

வேண்டாம், அரிசியின் மாவு உள்ளே போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அரைக் கிலோ சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர். முள் 40 முதல் 50 வரை நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறியபின் போடுங்கள். தோல் உறையிலும் கேமரா பையிலும் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி வியர்க்கும். பூஞ்சை வந்த லென்ஸை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் உடனே மெக்கானிக்கிடம் கொடுங்கள். நாள் கடந்தால் பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சையே தின்றுவிடும், துடைத்தாலும் தடம் போகாது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஒவ்வொரு லென்ஸையும் டார்ச் வெளிச்சத்தில், பின்பக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல்போல் தெரிந்தால் அதுதான் தொடக்கம்.